தேவநாதனின் கல்லீரல்

"குடிப்பீங்களா?" என்று மறுபடியும் கேட்டார் டாக்டர் வரதராஜுலு.

"சத்தியமா இல்லை சார்," என்றார் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தேவநாதன்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்திருந்தது. உள்ளே கருவிகள் கொதித்து ஆவி பறந்தது. சாதாரணக் குடலிறக்கம்தான். ஆனால் நேற்று ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணிலும் லேசாக மஞ்சள். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினால் கல்லீரல் கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"மதுவிலக்குன்னு பயப்படாதீங்க. நான் போலீசுக்குச் சொல்லப்போறதில்லை. குடிச்சுக் கெட்ட ஈரல்னா மயக்க மருந்தைத் தாங்காது. கத்தி வச்ச இடத்துல ரத்தம் நிக்காது. வயித்துல நீர் கோத்துக்கும். கண்ணே திறக்காமக்கூடப் போயிடலாம்."

தேவநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போன வருஷம் மலேரியா வந்தது சார். அதுதான். சீக்கிரம் முடிச்சு விடுங்க. சைக்கிள் மிதிக்க முடியலை."

கோயில் துளசியைக் கையில் பொத்தியபடி அவர் மனைவி பங்கஜம் முன்னால் வந்தாள். "அவருக்கு அந்த வாடையே ஆகாது டாக்டர். எவனாவது குடிச்சிருந்தா தூரத்துலேயே கண்டுபிடிச்சுடுவார்."

டாக்டர் அரைமனதாகத் தலையசைத்தார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

"நிறுத்துங்க சாமி."

வராந்தாவில் ஒரு பெண் ஓடிவந்தாள். மூச்சு இரைத்தது. வந்த வேகத்தில் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்றாரு. தெனம் குடிக்கிறாரு. வருசக்கணக்கா."

"யாருடி நீ?" என்றாள் பங்கஜம்.

"முனியம்மா. சேரப்பணஞ்சேரி."

"உனக்கு எப்படி இவரைத் தெரியும்?"

"தெனம் சாயங்காலம் வருவாரே."

பங்கஜம் சுவரில் சாய்ந்தாள். துளசி கீழே சிதறியது.

"அய்ய, நீ நெனைக்கிறது இல்லம்மா. நா ஏரிக்கரையில சாராயம் காச்சறவ. என் கையாலதான் ஊத்திக் குடுக்கறேன். டாக்டரு கேட்டா உள்ளத சொல்லிடுய்யான்னேன். சிரிச்சுக்கினே போய்ட்டாரு. என் வூட்டுக்காரனும் இப்டித்தான் சாமி, சொல்லாமலே ஆபரேசன் மேசையில ஏறுனான். எறங்கல."

டாக்டர் குனிந்தார். "தேவநாதன்?"

தேவநாதன் கண்களை மூடிக்கொண்டார். "ஆமாம் சார்."

"ஸ்ட்ரெச்சரைத் திருப்புங்க. ஆபரேஷன் கிடையாது. முதல்ல ஈரலைப் பார்ப்போம். குடலிறக்கத்துக்கு இப்போதைக்கு பெல்ட் போதும்."

ஸ்ட்ரெச்சர் வார்டுக்குத் திரும்பியது. பங்கஜம் பின்னாலேயே போனாள், அழுதபடியும் திட்டியபடியும்.

டாக்டர் முனியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால்?

"சாராயம் காய்ச்சறேன்னு இத்தனை பேர் எதிர்ல சொல்லிட்டியேம்மா. ஜெயில்ல போட்டுட மாட்டாங்களா? யாரோ ஒருத்தருக்காக இவ்வளவு துணிச்சலா?"

முனியம்மாள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"இவரு இருக்கறவரைக்கும் எனக்கு இன்னா ஜெயிலு சாமி? இவரு போய்ட்டா, இவரு எடத்துக்கு வரப்போற மதுவிலக்குப் போலீசு ஏட்டய்யா குடிக்கவே மாட்டாராமே."