பின்கண்ணாடி

கான்கிரீட் வேலை முடித்த சித்தாள்கள் மினி லாரியின் பின்னால் நெருக்கி நின்றுகொண்டு வந்தார்கள். டிரைவர் காளிராசு ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறுகையில் போனுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சாந்துச் சட்டியால் கேபினைத் தட்டிப் பார்த்தார்கள். அவனுக்குக் கேட்கவில்லை.

"அவம் பொண்டாட்டி ஆத்தா வீட்டுக்குப் போயிருக்காள்லா, இப்ப போன வைக்க மாட்டான்" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. வண்டி ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது.

கைப்பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு பேச்சித்தாய் அவன் நம்பருக்கு அடித்தாள். பேச்சை விட்டு இவள் அழைப்பை எடுத்தான்.

"என்னக்கா, வண்டியில ஏறாம விட்டுட்டியா?"

"ஒனக்குப் பின்னாலதாம்ல நிக்கேன்! பஸ்ஸு வருதுல, முன்னால பாரு!"

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே முழுசாகத் திரும்பி, பின்கண்ணாடி வழியாக ஒவ்வொரு முகமாக அவளைத் தேடினான்.