சாங்கிலின் மிச்ச நாட்கள்

இப்போதெல்லாம் கிரீன் கார்டு கைக்கு வந்தால் போதும், கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். கோழி அறுக்கிற கம்பெனி கையெழுத்துப் போட்டுத்தான் அந்தக் கார்டே வந்தது என்கிற நினைப்பு ஒருத்தனுக்கும் கிடையாது.

என்னைப் போலக் கொரியாக்காரனான சாங்கிலும் அப்படித்தான். சியோலில் வங்கி வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு வந்தவன். கார்டு வாங்கி நாலே மாதம். அட்லாண்டாவில் டைல்ஸ் பதிக்கிற வேலை கிடைத்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளையும் அங்கே.

கடைசி நாளன்று, எங்கள் ஊர் வழக்கப்படி, கோழி வெட்டுகிற லைனில் எல்லோருக்கும் அரிசிக் கொழுக்கட்டை கொடுத்தான்.

ஒரு வருஷம் முடிக்காமல் போனால் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எங்கள் லைனில் ஒரு பேச்சு உண்டு. அதுதான் அவனை அரித்தது.

"பயமா இருக்கு அண்ணே."

"பயப்படறவன் ஏண்டா போறே?" என்றேன்.

போய்விட்டான்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் முதுகுவலியில் படுத்துவிட்டு, இன்று காலைதான் வேலைக்கு வந்தேன்.

பக்கத்தில் அவன் இடத்தில் யாரோ நின்றார்கள்.

தொப்பி, முகமூடி, கண்ணாடி. முகம் தெரியாது. இங்கே கையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம்.

இடது கைக்காரன். ஒவ்வொரு கோழிக்கும் முன்னால் மேசை விளிம்பில் கத்தியால் ரெண்டு தட்டு. சாங்கிலின் பழக்கம் அது.

"ஏண்டா, அங்கே அதுக்குள்ள துரத்திட்டானுங்களா?"

திரும்பவில்லை.

"இன்னும் இருநூத்தி இருபது நாள் இருக்கு அண்ணே."

குரல் அவனுடையதுதான்.

இடைவேளையில் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய் அவன் நம்பருக்குப் போன் போட்டேன். பெண்டாட்டி எடுத்தாள். அவன் இங்கே லைனில் நிற்பதைச் சொன்னேன்.

"அவர் எங்கே ஐயா வந்தார் அங்கே? இதோ படுத்திருக்கார். வந்த நாள்லேருந்து இப்படித்தான். உங்க ஷிஃப்ட் தொடங்குற நேரத்துக்குத் தூங்கினா, முடியற நேரத்துக்குத்தான் முழிக்கிறார். புது வேலையும் போச்சு. இடது கை மட்டும் ஐஸ் மாதிரி கிடக்கு."

அவள் பேச்சுக்குப் பின்னால் கேட்டது. கட்டில் சட்டத்தில் ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி ரெண்டு.

இடைவேளை முடிந்ததும் லைனுக்குத் திரும்பினேன். அவன் காதருகே குனிந்தேன்.

"டேய், ஒரு வருஷம் முடிக்கணும்னு சட்டமே இல்லடா. நான்தான் கிளப்பிவிட்டேன். பக்கத்துல நின்னு நம்ம பாஷை பேச ஒரு ஆள் வேணும்னு சொன்ன பொய். வீட்டுக்குப் போ. பிள்ளை காத்திருக்கு."

கத்தி நின்றது.

 அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, லைனின் மறுகோடியைக் காட்டினான்.

"அவங்ககிட்டயும் சொல்லிடுங்க அண்ணே."

பார்த்தேன். சதைத் துண்டைத் தொடையில் தட்டிப் பார்க்கிற குவாக். ஒவ்வொரு வெட்டுக்கும் தோளைக் குலுக்குகிற மின் அம்மாள். இன்னும் நாலு பேர். எல்லோரும் போன வசந்தத்திலேயே கொழுக்கட்டை கொடுத்துவிட்டுப் போனவர்கள்.

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். முதுகுவலி மாத்திரை இல்லாததையெல்லாம் காட்டும் என்று டாக்டர் சொன்னான்தான். இது மாத்திரை வேலை என்று நான் நம்பவில்லை. அந்த ஆறு பேரிடமும் உண்மையைச் சொல்லாமல் கதவைப் பார்த்து நடந்தேன்.