கழற்றிப் பார்த்தால் தெரியும்

“புதுசு வாங்கிடுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. அதைச் சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க.”

பெண் கேட்டு வந்தவனுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். காதலியின் அம்மா, சரிந்து விழுந்த கொண்டையை ஒரு கையால் தூக்கிவிட்டபடி, மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். மொழிபெயர்ப்பு வேலை செய்து மகளை அவர் ஒற்றை ஆளாக ஆளாக்கியது அதில்தான்.

“ஆமை வேகத்துல ஓடிட்டிருந்துச்சு. காலையிலேர்ந்து அதுவும் இல்ல. கீ கீன்னு கத்துது.”

“கத்துதுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம் அத்தை.”

‘அத்தை’யை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

மகள் அவன் காதோரம் வந்தாள். “இதைச் சொதப்பினா நம்ம கல்யாணமும் சொதப்பல்தான். தெரியுமில்ல?”

“ஸ்லோன்னு நீ சொன்னதுமே புது மெமரி ஒண்ணு கையோட வாங்கிட்டு வந்திருக்கேன். கவலையை விடு.”

பிளக்கையும் மற்ற வயர்களையும் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தவன், ஒரு கணம் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தான். பிறகு வேலையில் இறங்கினான். பழைய மெமரியை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ‘டக்’கென்று அழுத்தினான். பக்கத்திலேயே புதியதையும் பொருத்தினான். மூடியை மாட்டி, பிளக், பிரிண்டர், கேமரா, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் மறுபடி செருகி, பட்டனைத் தட்டினான்.

ஒரே ஒரு ‘பீப்’. திரை பளிச்சென்று வந்தது. மகள் கைதட்டினாள்.

“என்னதான் கோளாறு தம்பி?” கொண்டை மறுபடியும் சரிந்தது.

“பழைய மெமரி கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு. தூசி வேற. வேறொண்ணுமில்ல.”

மகள் டீ போட உள்ளே போனாள். அதற்காகவே காத்திருந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து நீட்டினான்.

“மெமரியைக் கழட்ட இதெல்லாம் வேண்டாம் அத்தை, விரலே போதும். உள்ளேயே மறந்துட்டீங்க.”

அசடு வழிவார் என்று எதிர்பார்த்தான். அவரோ பின்னைச் சாவகாசமாக வாங்கிக் கொண்டையில் செருகினார்.

“மறக்கல. வெச்சேன். மானத்தை வாங்குற ஆளா, காப்பாத்துற ஆளான்னு பார்க்கத்தான். டீ குடிச்சிட்டு, கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்னு சொல்லுங்க, மாப்பிள்ளை!”