வழிமொழிந்த கூழைக்கடா

தூரதேசத்திலிருந்து ஏரிக்கு வரும் பறவைகளுக்குப் பேச்சு கற்றுக்கொடுத்து, கூடு கட்டக் கிளை ஒதுக்க ஒரு சங்கம் இருந்தது. தலைவர் அண்டங்காக்கை, செயலாளர் மைனா. புதிதாக வந்த கூழைக்கடாவையும் உறுப்பினராக்கி, "தலைவர் எதை முன்மொழிஞ்சாலும் 'வழிமொழிகிறேன்'னு சொல்லும்மா, தீர்மானம் நிறைவேறிடும்," என்று அந்த ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மைனா கற்றுக்கொடுத்தது.

முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. கேட்டுக் கேட்டுக் கூழைக்கடாவுக்கு எல்லாம் புரிந்தது. கிளை கேட்கத்தான் வார்த்தை இல்லை.

ஆண்டுக் கூட்டத்தில் காக்கை வழக்கம்போலத் தொண்டையைச் செருமியது. "வயசாச்சு. பதவியையும் இந்தப் பெரிய கிளையையும் விட்டுடலாம்னு முன்மொழியறேன்." சொல்லிவிட்டு, 'ஐயோ, நீங்க இல்லாமலா' என்று மைனா பதறட்டும் எனக் கண்ணை மூடிக் காத்திருந்தது.

"வழிமொழிகிறேன்," என்றது கூழைக்கடா.

மைனா குறிப்பேட்டைப் பார்த்தது, காக்கையைப் பார்த்தது. "நிறைவேறிடுச்சுங்களே, தலைவரே."

காக்கை கண்ணைத் திறந்தபோது கூழைக்கடா முதல் சுள்ளியோடு வந்துகொண்டிருந்தது.