அமைச்சருக்கு ஆகாத புள்ளிகள்
மனிதகுலம் இன்று காலை பத்து மணிக்குப் புதிய யுகத்துக்குள் நுழைகிறது. தென்கொரியாவின் தேஜோன் ஆய்வகத்தில் ரிப்பன்கூடக் கட்டியாயிற்று. ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும் அணுக் காந்தங்களின் ஆட்டத்தைக் குவாண்டம் கணினி கணித்துவிட்டதாம். திரையில் வழவழவென்று ஒரு கோடு ஒளிர்கிறது. இதற்காக எட்டு மாதம் உழைத்த ஆய்வாளர் சேரின் இயக்குநரின் காதோரம் குனிகிறாள். "ஐயா, இது ஒப்பிட்டுப் பார்க்க என் லேப்டாப் போட்ட கோடு. நம்ம மிஷின் தந்த புள்ளிங்க எங்கே?" ரிப்பன் வெட்டப் போட்ட வெள்ளைக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே இயக்குநர் மா முணுமுணுக்கிறார்: "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி சிதறிக் கிடந்துச்சும்மா. அமைச்சர் பயந்துடுவாருன்னு எடுத்துட்டேன்." "மிஷினை எதுவரைக்கும் நம்பலாம்னு காட்டுறதே அந்தச் சிதறல்தானே ஐயா?" "அதைக் கட்டுரையில எழுதிக்கோ." அமைச்சர் திரையில் ஒளிரும் கோட்டைக் கன்றுக்குட்டிபோலத் தடவிக்கொடுக்கிறார். "சாதாரணக் கம்ப்யூட்டரால இது முடியுமா?" "ஆயுசுக்கும் முடியாதுங்க" என்கிறார் இயக்குநர். சேரினின் லேப்டாப்புக்கு ஒன்பது நொடி ஆனது.