வழக்குக் காணிக்கு ஒரு பொன்னாடை

“உவளோடை ஒரே மேடையிலை நான் ஏறுறதோ? நடவாத காரியம்!”

பொன்னம்பலம் அழைப்பிதழை மேசையில் எறிந்தார். பழைய கொப்பித் தாளில் கையால் எழுதிய அழைப்பிதழ். யாழ்ப்பாணத்துக்குக் கடதாசிகூட ஒழுங்காக வராத தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது.

சண்டிலிப்பாயில் மரங்களைக் காத்தவர்களை வாசிகசாலை கௌரவிக்கப் போகிறதாம். முதல் மரியாதை பொன்னம்பலத்துக்கும் பக்கத்து வளவுச் சிவக்கொழுந்துக்கும். ‘ஒற்றுமையாக நின்று ஒரு சோலையைக் காத்த அயலவர்கள்’ என்று வேறு எழுதியிருந்தது.

ஒற்றுமையாம்! அந்தச் சொல்லைப் படித்ததும் மனைவி மீனாம்பிகை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

இரண்டு வளவுக்கும் நடுவில் கிடக்கிற இரண்டு பரப்புக் காணிக்காக இவர்கள் பதினொரு வருசமாக வழக்காடுகிறார்கள். பொன்னம்பலத்துக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியார் எண்பத்தைந்தில் கொழும்புக்குப் போனவர், அப்படியே லண்டனுக்குப் பறந்துவிட்டார். பிறகு சண்டை மூண்டு, கோட்டுப் படியேறவே வழியில்லாமல் போனது.

அதற்காகப் பொன்னம்பலம் விடுகிற ஆளா? தினமும் விடிந்ததும் வேலியடியில் நின்று ஒரு பாட்டம் ஏசிவிட்டுத்தான் பல் விளக்குவார். அந்தப் பக்கமிருந்து சிவக்கொழுந்தும் வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள்.

“தீர்ப்பு வரும் வரைக்கும் ஒருத்தரும் ஒரு கொப்பும் முறிக்கப்படாது!”

இருவரும் ஒத்துப்போன ஒரே வசனம் இதுதான்.

விறகுக்கும் பதுங்குகுழிக்கும் வெட்டி வெட்டி ஊரே மொட்டையாகிவிட்டது. அந்த இரண்டு பரப்பில் மட்டும் வேம்பும் இலுப்பையும் பூவரசும் தழைத்து நின்றன. ஊர்க் கிளியெல்லாம் அங்கேதான் குடித்தனம்.

மீனாம்பிகை மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் போகாட்டி அவள் தனிய ஏறி, காணி தன்ரை எண்டு சனத்துக்கு முன்னாலை சொல்லிப்போடுவாள்.”

பொன்னம்பலம் சட்டென்று எழும்பினார்.

“என்ரை பட்டுச் சால்வை எங்கை?”

விழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. மின்சாரம் இல்லை, மைக் இல்லை. நமசிவாய வாத்தியாரின் தொண்டைக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. வாசிகசாலைத் தலைவரான அவர், மரத்தின் பெருமையை அரை மணித்தியாலம் முழங்கிவிட்டு இருவரையும் மேடைக்கு அழைத்தார்.

ஆளுக்கொரு மூலையில் போய் நின்றார்கள்.

“கிட்ட வாங்கோ, அண்ணை. கடை கடையாத் தேடியும் ஒரு பொன்னாடைதான் கிடைச்சது. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போத்தவேணும்.”

“மாஸ்டர், இது அநியாயம்!”

“இன்னும் கிட்ட, அண்ணை. துணி எட்டேல்லை!”

சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. வாத்தியார் ஒரு தலைப்பை அவர் தோளிலும் மறு தலைப்பை அவள் தோளிலும் போட்டார். பொன்னம்பலம் நைசாகத் தன் பக்கம் இழுத்தார். சிவக்கொழுந்தின் தோள் வெளியே தெரிந்தது. அவள் இழுத்தாள். இவர் தோள் வெளியே வந்தது.

“பாருங்கோ, பொன்னாடைக்கும் வழக்குப் போடப் போகினம்!” என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்த, வாத்தியாரே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

பொன்னம்பலத்துக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஊரே சாட்சி. பொன்னாடையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஓரடி முன்னால் வந்தார். வேறு வழியில்லாமல் சிவக்கொழுந்தும் கூடவே வந்தாள்.

“சபையோரே! உந்த மரங்களைக் காத்தது நான்! போன மாசியிலை உவவின்ரை மூத்தவன், வெளிநாடு போறதுக்கெண்டு, மரம் வாங்குற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒவ்வொண்டா அளந்தவன். வழக்குக் காணியிலை கை வைக்கிறியோ எண்டு நான் போட்ட சத்தத்திலை ரெண்டு பேரும் சைக்கிளையும் விட்டிட்டு ஓடினவங்கள். காணி என்ரை! தீர்ப்பு வரட்டும், அப்ப தெரியும்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

இனி அவள் தொடங்குவாள் என்று பொன்னம்பலம் இடுப்பில் கையை ஊன்றிக் காத்திருந்தார். அவளோ சிரித்துக்கொண்டு நின்றாள். பதினொரு வருசத்தில் சிவக்கொழுந்து பதில் சொல்லாமல் நின்று அவர் கண்டதில்லை. அடித்து விழுத்திவிட்டோம்! அவருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். இறங்கிப்போய் மீனாம்பிகையோடு ஒரு சுற்று ஆடலாம் போலிருந்தது.

“நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ, அக்கா,” என்றார் வாத்தியார்.

“என்னத்தைச் சொல்லுறது, மாஸ்டர்? அண்ணை சொன்னது முழுக்க உண்மை. அவர் இல்லாட்டி அந்த மரமொண்டும் இல்லை. இந்த மரியாதை அவருக்குத்தான்.”

சொன்னதோடு நிற்காமல், பொன்னாடையைத் தன் தோளிலிருந்து எடுத்து முழுவதையும் அவருக்கே போர்த்திவிட்டாள். சனம் எழும்பி நின்று கைதட்டியது.

பொன்னம்பலத்துக்குத் திக்கென்றது. இவள் இப்படியெல்லாம் விட்டுக்கொடுக்கிறவள் இல்லையே!

“என்ன சிவக்கொழுந்து,” என்று மெல்லக் கேட்டார், “தீர்ப்பு வர முன்னமே தோத்துப் போனியோ?”

அவள் பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

“தீர்ப்பு எண்பத்தாறிலையே வந்திட்டுது, அண்ணை, காணி எனக்குத்தான். உங்கடை பிரக்கிராசியார் லண்டனுக்குப் போனபடியாலை உங்களுக்குத் தெரியாமல் போச்சு. அது வெளியிலை தெரிஞ்சால் அடுத்த நாளே என்ரை மூத்தவன் மரம் முழுக்க வித்துப்போடுவான். அதாலை நாளைக்கும் விடிய வந்து, வழமைபோலை நல்லா ஏசுங்கோ!”