இன்னுமா போன் வருது?

"அந்த நர்ஸை முதல்ல வேற எங்கயாவது மாத்துங்க சார்!"

சுகாதார அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் கோழிப்பண்ணைக்காரர்.

டாக்டருக்கு ஆளைத் தெரியும். புது மாதிரி ஃப்ளூ கிருமி முதலில் தலைகாட்டியது இவருடைய பண்ணையில்தான். அத்தனை கோழிகளையும் அழித்துக் குழியில் போட்டு மூட வேண்டியதாகிவிட்டது. பாவம், மனுஷன் போட்ட முதல் மொத்தமும் மண்ணோடு மண்ணாகப் போச்சு.

"உக்காருங்க. அப்படி என்ன பண்ணிட்டா?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க! பொழுது விடிஞ்சா போன். காய்ச்சல் இருக்காண்ணே, இருமல் இருக்காண்ணே? இல்லைம்மான்னா விடுறாளா? சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா... கட்டின பொண்டாட்டிகூட இத்தனை கேள்வி கேட்டதில்லை சார்!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நோய்க் கோழியைத் தொட்டவங்களுக்குக் கிருமி ஒட்டிக்கிச்சான்னு பாக்கணும்ல? அது எங்க வேலைங்க."

"நல்ல வேலை! நேத்து எரிச்சல்ல போனை எடுக்கலை. சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிறா! பாக்கிறவன் என்ன நினைப்பான், எனக்கும் சீக்குன்னுதானே? மறுபடி பண்ணை போடலாம்னு இப்பதான் மனசு வந்திருக்கு. எவன் எனக்குக் கோழிக்குஞ்சு தருவான்?"

டாக்டரின் முகம் மாறியது.

"நேத்தா? இன்னுமா போன் பண்றா?"

"இன்னிக்குக் காலையிலகூட!"

நர்ஸைக் கூப்பிட்டார். பண்ணைக்காரரைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏம்மா, இவரைப் பத்து நாள்தானே கண்காணிக்கச் சொன்னோம்? அது முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. யாரைக் கேட்டு இன்னும் தொந்தரவு பண்றே? புகார்னு எழுதிக் கொடுத்தா உன் வேலைக்கே உலை, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

அவள் தலை நிமிரவில்லை.

"அன்னிக்குக் குழியை மூடும்போது நானும் பக்கத்துல இருந்தேன். 'என்னையும் உள்ள தள்ளி மூடிடுங்க'ன்னார். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்றார்னு எல்லாரும் கிளம்பிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை. சும்மா கூப்பிட்டா பேச மாட்டாரு. அதான் காய்ச்சல் இருக்கான்னு..."



பண்ணைக்காரர் எழுந்தார். வந்தபோது இருந்த குரல் இப்போது இல்லை.

"அன்னிக்கு நான் சும்மா சொல்லலைம்மா."